பூட்டிய வீட்டின் இருட்டை அழித்துவிடாதீர்கள்

திருத்தியே கெடுத்த படங்களில், இந்த மாதம் என்னிடம் வந்ததில் இது நாலாவது. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பூட்டிய வீட்டின் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றி மரத்தூண்கள், சுவர் விரிசலில் முளைத்த ஒரு அரசங்கன்று. எடுத்த தம்பிக்கு நல்ல கண். நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ட்ரைபாட் போட்டு, ஐந்து எக்ஸ்போஷர், அதாவது ஒரே காட்சியை ஐந்து வெவ்வேறு வெளிச்ச அளவில், ஒழுங்காக எடுத்திருக்கிறார். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த வீட்டைச் சிதைத்துவிட்டார்.

வானம் மை நீலம். ஓட்டு விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அரசங்கன்று பிளாஸ்டிக் பச்சை. எல்லாவற்றையும்விட அந்தச் சுவர்தான் என்னை வருத்தியது. செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பை அரைத்துப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சை முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கை வைத்தால் சில்லென்று வழுக்கும். இத்தனை வருஷம் கழித்தும் முற்றத்து வெளிச்சம் அதில் லேசாக மின்னும். இந்தப் படத்தில் அது உப்புத்தாள் மாதிரி இருக்கிறது.

பதினெட்டு வருஷமாகப் படம் திருத்துவதுதான் என் தொழில். கல்யாண ஆல்பத்தில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் கட்டடங்கள். பாழடைந்த கட்டடம் என்றாலே எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்), எச்.டி.ஆர். என்றாலே கரகரப்பு என்று ஒரு எண்ணம் எல்லோர் மனதிலும் ஊறிப்போயிருக்கிறது. "சார், கொஞ்சம் எச்.டி.ஆர். எஃபெக்ட் போட்டுக் கொடுங்க" என்று ஒற்றை ஜேபெக் படத்தை அனுப்புகிறார்கள். ஒற்றை ஜேபெக்கில் போடுவதற்கு எச்.டி.ஆர். என்ன மசாலாவா?

பொறுமையாகவே சொல்கிறேன், தயவு செய்து கேளுங்கள். எச்.டி.ஆர். என்பது ஒளியை அள்ளுகிற முறை. உச்சி வெயில் முற்றத்துத் தரையில் அடிக்கிறது. பத்தடி தள்ளி, கதவு திறந்த ஓர் அறைக்குள் கும்மிருட்டு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. அந்தத் தரைக்கும் அறையின் மூலைக்கும் நடுவே 15 ஸ்டாப்புக்கு மேலேயே இருக்கும், அதாவது 32,000 மடங்கைத் தாண்டும். நல்ல கேமரா, குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியுணர்திறனில்), ஒரே கிளிக்கில் 14 ஸ்டாப் வரை பிடிக்கும், அதுவும் கடைசி இரண்டு ஸ்டாப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதனால் பல எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்க்கிறோம். அத்தோடு எச்.டி.ஆர். முடிந்தது. அதில் கரகரப்பும் கிடையாது, மை நீலமும் கிடையாது.

அடுத்தது வேறு வேலை. சேர்த்து வைத்த அவ்வளவு வெளிச்சத்தையும் சாதாரண மானிட்டரில் காட்ட முடியாது. ஆயிரத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் அவ்வளவு விகிதம், உள்ள மானிட்டர் பத்து ஸ்டாப் காட்டும். காகிதம் இன்னும் குறைவு. ஆகவே அமுக்கிச் சுருக்க வேண்டும். அதுதான் டோன் மேப்பிங். எவ்வளவு அமுக்குவது, எங்கே விடுவது என்பது முழுக்க உங்கள் முடிவு. கரகரப்பு அந்த இடத்தில், உங்கள் கையால், கான்ட்ராஸ்டைக் கூட்டுகிற கிளாரிட்டி, டிஹேஸ் ஸ்லைடர்கள் எல்லை தாண்டிப் போவதால் வருகிறது. பழியை எச்.டி.ஆர். மேல் போடாதீர்கள்.

இது கம்ப்யூட்டர் காலத்துச் சங்கதியும் கிடையாது. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். அவருடைய கடலில் கரகரப்பு இருக்கிறதா, போய்ப் பாருங்கள். 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பல எக்ஸ்போஷர்களிலிருந்து ஓர் இடத்தின் உண்மையான ஒளி அளவை எப்படிக் கணக்கிட்டு எடுப்பது என்பதைப் பற்றியது. உண்மைக்கு நெருங்குவதற்கென்று வந்த முறை இது. பிறகு 2000களில் ஃபோட்டோமேட்டிக்ஸ் போன்ற மென்பொருட்கள் பரவின, எல்லோரும் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார்கள், இழுத்தது அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்று. இன்றைய போன்கள் ஒரு கிளிக்குக்கே பல பிரேம் எடுத்து, தானே சேர்த்து, தானே அமுக்கித்தான் படத்தைக் கையில் தருகின்றன. அதன் மேல் நீங்கள் ஒரு முறை எச்.டி.ஆர். பிரீசெட் (முன்பே தயாராக வைத்த திருத்தம்) போடுவது, பொரித்த அப்பளத்தை மறுபடி எண்ணெயில் போடுகிற மாதிரி.

"அழகுக்குத்தானே சார் செய்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் இருக்கிறது. பழைய கட்டடங்களைச் சீரமைக்கிற ஒரு கட்டடக் கலைஞருக்கு அவ்வப்போது படம் திருத்திக் கொடுக்கிறேன். ஒருமுறை வேறொருவர் எடுத்து, திருத்தி அனுப்பிய படங்களை வைத்து அவர் ஒரு வீட்டின் சேதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க விரிசல் வலை. நேரில் போய்ப் பார்த்தால் அவை பூச்சின் மேல் மயிரிழைக் கீறல்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. அதுதான் உண்மையான நோய். படத்தில் அது தெரியவே இல்லை.

ஏன் என்று யோசியுங்கள். டோன் மேப்பிங்கைத் தாறுமாறாக இழுத்தால், பெரிய, மெதுவான வெளிச்ச மாற்றங்கள் எல்லாம் தட்டையாகிவிடும், சின்னச் சின்னப் புள்ளியும் கீறலும் பூதாகரமாகிவிடும். ஈரம் மெதுவாகத்தான் மேலேறி மங்கும். ஒரு சுவரின் வயசும் அப்படி மெதுவான மங்கலில்தான் இருக்கிறது. நீங்கள் அழிப்பது அதை, தூக்கிக் காட்டுவது தூசியை.

தனுஷ்கோடிக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போது என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை. அங்கே நிற்கிற தேவாலயச் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் கட்டியவை. காலை வெயிலில் அவை கண் கூசுகிற மாதிரி வெளிறி நிற்கும், பின்னால் பளீரென்ற வானம், கீழே மணல். அந்த இடத்தின் துயரமே அந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஆனால் வருகிற படங்களில் பத்துக்கு எட்டில் கற்கள் கரி பிடித்துக் கிடக்கின்றன, மேலே எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய புயல் மேகம். 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்ததிலிருந்து இது இன்னும் கூடிவிட்டது. 1964 டிசம்பர் 22 இரவு அங்கே உண்மையான புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டு போனது, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்த இடத்துக்கு நீங்கள் ஒரு போலிப் புயலை வரவழைக்க வேண்டியதில்லை. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்வது?

எடுக்கும்போது அபர்ச்சரை (லென்ஸ் துவாரத்தின் அளவை) தொடாதீர்கள், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். நிறச் சாயலைத் தீர்மானிக்கிற ஒயிட் பேலன்ஸை ஓரிடத்தில் நிறுத்துங்கள். ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாமல் தருகிற மூல ஃபைலாக, எடுங்கள். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படி, ஜேபெக்கில் 256. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி போதும். மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் வானம் வெளுக்காமல் இருக்க வேண்டும், மிகக் கூடியதில் நிழல் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தின்) இடது ஓரத்தில் முட்டாமல் இருக்க வேண்டும். இவை இரண்டும் கிடைத்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பது பிரேம் எடுத்தேன் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

சேர்க்கும்போது லைட்ரூம் மென்பொருளில் டீகோஸ்ட் என்று, பிரேம்களுக்கு நடுவே அசைந்ததைச் சரிசெய்ய இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'ஹை'யில் வைக்காதீர்கள். முற்றத்தில் புறா பறந்திருந்தால், செடி ஆடியிருந்தால் மட்டும் 'லோ'. அந்த இடத்துக்கு மென்பொருள் ஒரே ஒரு பிரேமிலிருந்து எடுக்கும், அந்தத் திட்டில் மட்டும் நாய்ஸ், அதாவது புள்ளிகள், மொய்க்கும். சேர்த்து வருகிற ஃபைலில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் ஐந்துக்குப் பதில் பத்து வரை போகும். போகும் என்பதற்காகப் போகாதீர்கள்.

நிழலை முழுக்கத் தூக்கி, வெளிச்சத்தை முழுக்க இறக்குகிற அந்த "ஷேடோ நூறு, ஹைலைட் மைனஸ் நூறு" சூத்திரத்தை மறந்துவிடுங்கள். வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருப்பீர்கள். மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒன்றே ஒன்று கவனியுங்கள்: வெளிச்சத்தின் வரிசை. நேரில் நின்றபோது எது அதிக வெளிச்சம்? வானம், அப்புறம் வெயில் விழுந்த முற்றத்துத் தரை, அப்புறம் தூண்கள், அப்புறம் உள் தாழ்வாரம், கடைசியில் அறைக்குள். திருத்தி முடித்த பிறகும் அதே வரிசை இருக்க வேண்டும். இடைவெளியைக் குறைக்கலாம், வரிசையை மாற்றக் கூடாது. அறைச் சுவர் முற்றத்துத் தரையைவிட வெளுப்பாகத் தெரிந்தால், காரணம் தெரியாமலே பார்க்கிறவர் மனம் "இது பொய்" என்று சொல்லிவிடும். என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் வேறெதுவும் சொல்லித் தருவதில்லை.

நடு எக்ஸ்போஷரை எப்போதும் பக்கத்திலேயே திறந்து வைத்திருங்கள். கான்ட்ராஸ்ட் கூடினால் நிறமும் தானாகக் கனத்துவிடும், ஆகவே சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு மேல் தூசி படிந்து மங்கிக் கிடந்தால் மங்கலாகவே விடுங்கள், அந்தத் தூசி அந்த வீட்டுக்குச் சொந்தம். ஓட்டு விளிம்பை நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் முடித்ததை இரவே அனுப்பாதீர்கள். இரண்டு மணி நேரம் ஸ்லைடரோடு இருந்த கண்ணுக்கு எல்லாமே குறைவாகத்தான் தெரியும்.

இருட்டைக் கண்டு பயப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குடும்பம் ஊரிலிருந்த பூர்வீக வீட்டைப் படமெடுக்கச் சொல்லி, அது இன்னொரு இடத்தில் எச்.டி.ஆர். ஆகி, கடைசியில் பெரிய பிரிண்டோடு என்னிடம் வந்தார்கள். கூட வந்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது யார் வீடு தம்பி? நம்ம வீடு இப்படிச் சொறி பிடிச்சா கெடக்கு?" என்றார். மூல ஃபைல்கள் இருந்ததால் மறுபடி செய்து கொடுத்தேன். வளவைச் சுற்றியிருந்த அறை வாசல்களை அப்படியே இருட்டாக விட்டுவிட்டேன். ஆச்சி அதில் ஒரு வாசல் மேல் விரலை வைத்து, "இந்த ரூம்லதான் என் கல்யாணச் சாமான் இருக்கு" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று படத்தில் எதுவும் தெரியாது.

ஆச்சியின் வீட்டைப் போல, நீங்கள் "கைவிடப்பட்டது" என்று தலைப்புப் போடுகிற பல வீடுகள் கைவிடப்பட்டவை இல்லை. பங்காளிகள் ஆளுக்கோர் ஊரில் இருப்பார்கள், கல்யாணத்துக்கோ சாமி கும்பிடவோ வந்து திறப்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மாடியில் உத்திரம் உளுத்திருக்கலாம், கால் வைக்காதீர்கள். படத்தை வெளியே போடும் முன் அதில் ஒட்டியிருக்கிற இடக்குறிப்பை நீக்குங்கள், எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு டிக் போட்டால் போதும். தூணையும் நிலைக்கதவையும் கழற்றி விற்கிறவர்களுக்கு வழி காட்டிவிடாதீர்கள். மூல ஃபைல்களை அழிக்கவே அழிக்காதீர்கள். இன்று நிற்கிற வீடு அடுத்த மழைக்கு நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது.

முதலில் சொன்ன தம்பியிடம் ஐந்து ஃபைலும் பத்திரமாக இருந்தன. நேற்று சாயங்காலம் வரச்சொல்லி, இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தோம். ஐந்தில் மூன்று பிரேம்தான் தேவைப்பட்டது. கிளாரிட்டியைத் தொடவில்லை. சுவர் பழையபடி வழவழப்பானது. அப்புறம் அவரே கவனித்துச் சொன்னார்: திண்ணைக்கு மேலே, உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், சுவரில் வரிசையாக நாலைந்து மங்கலான வட்டங்கள். தலை சாய்த்து உட்கார்ந்தவர்களின் எண்ணெய்க் கறை. அவருடைய முதல் எடிட்டில் அந்த இடம் வெறும் சுவர்.