ஸ்டுடியோ: ஒளிப்படக்கூடம்

ஸ்டுடியோ என்னும் சொல்லின் வேர் முனைப்பு, ஈடுபாடு, கல்வி எனப் பொருள்படும் 'ஸ்டூடியும்' என்ற இலத்தீன் சொல்லாகும். இத்தாலிய மொழியில் அது கற்கும் அறையையும் ஓவியர், சிற்பியரின் பணியறையையும் குறித்தது; 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்து, ஒளிப்படம் எடுப்போரின் இடத்துக்கும் பெயராயிற்று. ஜப்பானியர் அவ்விடத்தை 'ஷாஷின்கான்' என்பர். 'ஷாஷின்' என்பதன் எழுத்துகளைப் பிரித்தால் 'மெய்யைப் படியெடுத்தல்' என்று பொருள் வரும்.

அந்த மெய் எத்தகையது என்பதற்கு யோகோஹாமா நகரின் படங்களே சான்று. பெலிசே பியாட்டோ என்ற ஒளிப்படக் கலைஞரிடம் படங்களுக்கு வண்ணம் தீட்டிய குசாகாபே கிம்பெய், 1880களின் தொடக்கத்தில் அங்கே சொந்தக் கூடம் அமைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம் வரை தொழில் நடத்தினார். துணி துவைத்தல், தைத்தல், தலைவாருதல் போன்ற அன்றாட வேலைகள் அவர் படங்களில் மிகுதி. ஆனால் அவற்றுள் பல வீடுகளில் எடுக்கப்பட்டவை அல்ல. வீட்டின் உட்புற வெளிச்சம் அக்காலத்தில் படம் பதியும் கண்ணாடித் தகடுகளுக்குப் போதாது என்பதாலும், அயல்நாட்டுப் பயணிகள் வாங்கும் படத்தொகுப்புகளுக்கு ஒழுங்கான காட்சிகள் வேண்டியிருந்ததாலும், பாயும் தொட்டியும் பாத்திரமும் கூடத்துக்கே வந்தன. கூலிக்கு அமர்ந்த பெண்கள் வேலை செய்வதுபோல் அசையாதிருந்தனர். பின்னரே கையால் வண்ணம் ஏற்றப்பட்டது. துவைக்கும் படத்தில் உடையின் ஓரம்கூட நனையாதிருப்பதை வியப்பதற்கில்லை.

தமிழில் 'போட்டோ ஸ்டுடியோ' என்பதே கடைப்பலகை வழக்கு. ஈழத்தில் 'ஸ்ரூடியோ' என்றும் எழுதுவர். 'படப்பிடிப்பு நிலையம்' திரைப்படத் துறைக்கே பொருந்தும். 'நிழற்பட நிலையம்' பிழையன்று, எனினும் நிலையம் என்றதும் வந்துபோகும் இடமே மனத்தில் தோன்றுகிறது. 'ஒளிப்படக்கூடம்' என்பதே தக்கது எனக் கருதுகிறேன்: பள்ளிக்கூடம், சமையற்கூடம் எனத் தொழில் நடக்கும் இடத்தைக் குறிக்கும் கூடம், வீட்டின் நடுப்பகுதிக்கும் பெயர் என்பதால், வீட்டைப் புனைந்து காட்டிய இவ்விடத்துக்கு இரு பொருளும் இசைகின்றன. இத்தகைய படத்தை அச்சிடுவோர் 'துணி துவைக்கும் ஜப்பானியப் பெண்' என்று மட்டும் குறிக்காமல், 'ஒளிப்படக்கூடத்தில் அமைத்த காட்சி' என்பதையும் சேர்த்து எழுதுவது முறை.