எஸ்போசித்தோ: ஒரு குடும்பப் பெயரின் கணக்கு

நேப்பிள்ஸ் நகரின் பழைய அடுக்குமாடி வீடுகளின் வாசலில், அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், எஸ்போசித்தோ என்ற பெயர் கண்ணில் படாமல் ஒரு தெருவைக் கடப்பது அரிது. இத்தாலி முழுவதிலும் மிகுதியாக வழங்கும் முதல் ஐந்து குடும்பப் பெயர்களுள் அது ஒன்று. நேப்பிள்ஸிலும் அதைச் சூழ்ந்த கம்பானியா பகுதியிலும் அதற்கே முதலிடம். 1889இல் அரசி மார்கெரித்தாவுக்குப் பீட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் ரஃபாயெலே எஸ்போசித்தோவும், 1970-71 பருவத்தில் 76 கோல்கள் அடித்த கனடிய ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில் எஸ்போசித்தோவும், ஹாலிவுட் நடிகர் ஜான்கார்லோ எஸ்போசித்தோவும் ஒரே பெயரைச் சுமப்பவர்கள். அதனால் அவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் உறவு இல்லை என்பதைக் குறிக்கவே பிறந்த பெயர் இது.

லத்தீன் மொழியில் எக்ஸ்போனெரெ என்ற வினைக்கு 'வெளியே வைத்தல்' என்று பொருள். அதிலிருந்து வந்த எக்ஸ்போசித்துஸ் என்ற சொல் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று பொருள்படும். பெற்றோரால் வளர்க்க இயலாமல் கோவில் வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ விடப்பட்ட குழந்தையைப் பதிவேடுகள் இச்சொல்லால்தான் குறித்தன. இன்றைய இத்தாலிய மொழியில் இதே பொருளுக்கு எஸ்போஸ்தோ என்ற குறுகிய வடிவம் வழங்க, குடும்பப் பெயரோ லத்தீனின் நடு அசையை விடாமல் வைத்திருக்கிறது. தெருவில் பேசியவர்களின் வாயில் உருவாகாமல், லத்தீன் அறிந்த எழுத்தர்களின் கையில் பிறந்த பெயர் என்பதற்கு அந்த ஓர் அசையே சான்று எனக் கொள்ளலாம்.

நேப்பிள்ஸில் இக்குழந்தைகளை ஏற்றுக்கொண்ட இடம், 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அன்னுன்சியாத்தா இல்லம். மங்கள வார்த்தை மாதாவின் பெயரால் அமைந்த கோவிலும் மருத்துவமனையும் அனாதை இல்லமும் சேர்ந்த பெரிய வளாகம் அது. அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு இருந்தது. திறப்புக்குப் பின்னால், நிமிர்ந்த அச்சில் சுழலும் உட்குழிந்த மர உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. இத்தாலியர் அதை ரோத்தா என்றும் ருவோத்தா என்றும், அதாவது சக்கரம் என்று, அழைத்தனர். குழந்தையைக் கொண்டுவருபவர் அதை உருளைக்குள் கிடத்தி, சுழற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுக்கும்போது உருளையின் மூடிய முதுகு தெருவை நோக்கித் திரும்பியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, வெளியே நிற்பவருக்கும் உள்ளே இருப்பவரைத் தெரியாது. முகம் தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் குழந்தையைக் குப்பையிலோ ஆற்றிலோ வீசிவிடுவதைத் தடுக்கவே இந்த அமைப்பு. வறுமையும், மணமாகாமல் பெற்ற பிள்ளை என்ற பழிக்கு அஞ்சியதும் அந்தச் சுவர்வரை மக்களைத் தள்ளிய இரு காரணங்கள். 19ஆம் நூற்றாண்டில் முறையாக மணமான பெற்றோரும் பசிக்குப் பயந்து குழந்தைகளை அங்கே விட்டிருக்கிறார்கள்.

உள்ளே எடுக்கப்பட்ட குழந்தையைக் குளிப்பாட்டி, நாள், நேரம், தோராயமான வயது, உடுத்தியிருந்த துணி, உடன் வைக்கப்பட்டிருந்த அடையாளப் பொருள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினார்கள். பிறகு திருமுழுக்குப் பெயர் ஒன்று கிடைத்தது. குடும்பப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத ஏதுமில்லை என்பதால், குழந்தையின் நிலையைக் குறித்த சொல்லே அங்கு அமர்ந்துகொண்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளைப் பங்குக் குருக்கள் முறையாக வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்திய பிறகு, பதிவேட்டில் ஒருமுறை ஏறிய சொல் அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்பட்டது. ஒருவனின் நிலையைச் சொன்ன அடைமொழி அவனுடைய பேரனுக்கு வெறும் பெயராகிவிட்டது.

மற்ற ஊர்களிலும் இதுவே நடந்தது. சொல் மட்டும் மாறியது. புருனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் 1419இல் கட்டத் தொடங்கி 1445இல் திறக்கப்பட்ட புளோரன்ஸ் மாசற்ற குழந்தைகள் இல்லத்திலிருந்து இன்னொசெந்தி என்ற பெயர் வந்தது. ரோமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 'எறியப்பட்டவர்' என்று பொருள்படும் புரொயெத்தி, சிசிலியில் 'கண்டெடுக்கப்பட்டவன்' என்ற துரோவாத்தோ, பொலோனியாவில் தெல்யி எஸ்போஸ்தி. மிலானில் பெரிய மருத்துவமனையின் சின்னமாகப் புறா இருந்ததால், அங்கு விடப்பட்ட குழந்தைகள் 'புறா' எனப் பொருள்படும் கொலொம்போ ஆனார்கள். ஆனால் அதே பெயர் வேறு வழிகளிலும் தோன்றியிருப்பதால், ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸை (இத்தாலிய மொழியில் அவரும் கொலொம்போதான்) இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

இப்பெயர் சுமப்பவரின் நெற்றியில் ஒட்டிய முத்திரையாக இருந்தது என்பதை ஆட்சியாளர்களும் உணர்ந்தார்கள். நெப்போலியனின் மைத்துனரான முராத் நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் (1808–1815), குடிமைப் பதிவு முறை அங்கு அறிமுகமானது. விடப்பட்ட குழந்தைகளுக்கு இனி எஸ்போசித்தோ என்ற பெயர் சூட்டக் கூடாது என்ற தடையும் வந்தது. அதன்பின் வந்த குழந்தைகளுக்கு அலுவலர்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பெயர் புனைய வேண்டியிருந்தது. ஆகவே ஒரே சுவர்த்திறப்பு, தடைக்கு முன்பு நாட்டிலேயே மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றையும், தடைக்குப் பிறகு ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கிய பல அரிய பெயர்களையும் உண்டாக்கியது. திட்டமிட்டு நடத்திய சோதனை என்றே சொல்லும்படி, பெயர்ப்பரவல் எப்படி இயங்குகிறது என்பதை இந்த இரண்டு நிலைகளும் காட்டித் தருகின்றன.

பெயர்கள் ஏன் சில பெருகுகின்றன, சில மறைகின்றன என்ற கேள்வியை முதன்முதலில் பரவலாகக் கவனிக்க வைத்தவர் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன். இங்கிலாந்தின் உயர்குடிப் பெயர்கள் அழிந்துவருவதைக் கண்ட அவர், அது அக்குடும்பங்களின் குறையா அல்லது வெறும் தற்செயலா என்று 1873இல் கேட்டார். பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை தந்தார். இருவரும் 1874இல் வெளியிட்ட கணக்கே இன்று கால்ட்டன்-வாட்சன் கிளைத்தல் முறை எனப்படுகிறது. எல்லாக் குடும்பப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டியது பிழை. சமன்பாட்டின் ஒரு விடையைக் கண்டவர், அதனினும் சிறிய மற்றொரு விடை இருக்கக்கூடும் என்பதைக் கவனிக்கவில்லை. சரியான முடிவைப் பிரெஞ்சுக்காரர் பியெனெமே 1845இலேயே எழுதி வைத்திருந்தும், அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த முறையை இரண்டு நாணயங்களைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஒவ்வோர் ஆணும் இரண்டு நாணயங்களைச் சுண்டுவதாகவும், விழும் ஒவ்வொரு தலைக்கும் பெயரைத் தொடரக்கூடிய ஒரு மகன் அவனுக்குப் பிறப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயினும் இரண்டு நாணயங்களிலும் பூ விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், முதல் தலைமுறையிலேயே 25 சதவீத வாய்ப்பில் பெயர் அற்றுப்போகிறது. இரண்டாம் தலைமுறை முடிவதற்குள் அவ்வாய்ப்பு 39 சதவீதமாகவும், மூன்றாம் தலைமுறைக்குள் 48 சதவீதமாகவும் ஏறுகிறது. யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே, தனி ஒருவனிடம் தொடங்கிய பெயர்களில் ஏறக்குறையப் பாதி நூறு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடும்.

இப்போது அதே பெயரை, உறவில்லாத இருபது பேரிடம் கொடுத்துப் பார்ப்போம். இருபது கிளைகளும் மூன்று தலைமுறைக்குள் ஒருசேர அழிந்தால்தான் பெயர் அழியும்; அதற்கான வாய்ப்பு, 0.48 என்பதை இருபது முறை பெருக்கினால் கிடைக்கும் எண், அதாவது ஏறத்தாழ இருபது லட்சத்தில் ஒரு பங்கு. எஸ்போசித்தோவின் வலிமை இங்குதான் இருக்கிறது. அப்பெயரினர் மற்றவர்களைவிட அதிகமாகப் பிள்ளை பெற்றதாகக் கொள்ளத் தேவையே இல்லை. உண்மையில் அவர்களுடைய தொடக்கம் மிகவும் பாதகமானது. கைவிடப்பட்ட குழந்தைகளில் பெரும்பகுதியினர் செவிலித்தாயின் பாலுக்குக் காத்திருந்த நிலையிலேயே நோயால் இறந்தனர். பிழைத்த பெண்களுக்கு இல்லம் வரதட்சணை கொடுத்து மணம் முடித்து வைத்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் தந்தையின் பெயரையே பெற்றதால் எஸ்போசித்தோ அங்கே நின்றுவிட்டது. பிழைத்து வளர்ந்து மகனைப் பெற்ற ஆண்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். அப்படிப் பார்த்தாலும், சக்கரம் ஆண்டுதோறும் சுழன்றுகொண்டே இருந்தது. கிளைகள் பட்டுப்போன வேகத்தைவிடப் புதிய வேர்கள் ஊன்றப்பட்ட வேகம் அதிகம்.

இத்தாலியில் பரவலான மற்றப் பெயர்களோடு இதை ஒப்பிடலாம். ரோஸ்ஸி என்பது செந்நிற முடியோ தாடியோ உடையவரின் பெயர்; தெற்கில் அதுவே ருஸ்ஸோ. ஃபெர்ராரி கொல்லர்களின் பெயர். செம்முடிக்காரரும் கொல்லரும் இல்லாத ஊர் இல்லை என்பதால் அப்பெயர்களும் பல இடங்களில் தனித்தனியே முளைத்தவையே. ஆனால் இடைக்காலத்தில் பெயர்கள் உறைந்த பிறகு அந்த ஊற்று அடங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு கொல்லன் புதிதாக ஃபெர்ராரி ஆகிவிட முடியாது. எஸ்போசித்தோவுக்கோ முராத்தின் காலம் வரையில் ஊற்று வற்றவில்லை. வற்றியபோது இத்தாலியின் மக்கள்தொகை வேகமாகப் பெருகத் தொடங்கியிருந்தது, அதாவது சராசரி ஆளுக்கு ஒரு மகன் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே பெருந்தொகையாக இருந்த பெயர் அந்த அலையோடு தானும் வளர்ந்தது. அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறிய தென்னித்தாலியர் அதைக் கடல் கடத்தினர். தடை வந்தது புதிய குழந்தைகளுக்கு மட்டுமே. பழைய குடும்பங்கள் பெயரை வைத்துக்கொண்டன.

இந்த வரலாறு மரபியல் ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கை. தந்தைவழிக் குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே பாதையில், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றன. பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் தம் பெயரையே கொண்ட ஆண்களை ஆராய்ந்து, அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருப்பதை 2000இல் வெளியிட்டார். மூதாதை ஒருவரே என்பதை அது சுட்டியது. எஸ்போசித்தோ ஆண்களிடம் அத்தகைய ஒருமையை எதிர்பார்க்க முடியாது. சக்கரத்தில் வந்த ஒவ்வொரு சிறுவனும் தன் அறியப்படாத தந்தையின் குரோமோசோமைக் கொண்டுவந்தான் என்பதால், அப்பெயரினரின் தொகுப்பு ஒரு குலத்தைப் போல அமையாது; அன்றைய நேப்பிள்ஸ் ஆண்களிடமிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த மாதிரியைப் போலவே அமையும்.

ஒரே பெயருடையோர் மணந்துகொள்ளும் விகிதத்தைக் கொண்டு உறவுத்திருமணங்களை மதிப்பிடும் முறையும் இங்கே தடுமாறும். தம் பெற்றோரே நெருங்கிய உறவினர் என்பதால் இப்பொருளில் அக்கறை கொண்ட ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன், 1875இல் அதைத் தொடங்கி வைத்தார். க்ரோ, மாங்கே என்ற இருவர் 1965இல் அதைச் சூத்திரமாக்கினர். சித்தப்பா பெரியப்பா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், சித்தி பெரியம்மா மக்கள் என்று தமிழ் பிரித்துச் சொல்லும் நால்வகை உறவும் ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்நால்வகையில் முதல் வகையில் மட்டுமே இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கும்; ஆகவே பெயர் ஒத்துப்போகும் வாய்ப்பு 1/4. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 1/16. பெற்றோருக்குப் பதிலாகத் தாத்தா பாட்டிகள் உடன்பிறந்தவர்களாக இருக்கும் இரண்டாம் நிலை உறவில் முறையே 1/16, 1/64. விகிதம் எப்போதும் நான்காகவே இருப்பதால், ஒரே பெயர்த் திருமணங்களின் பங்கை நான்கால் வகுத்தால் உட்கலப்பின் அளவு கிடைக்கும் என்பதே சூத்திரம். பெண்கள் மணத்துக்குப் பிறகும் பதிவேடுகளில் தம் பிறந்தகப் பெயரிலேயே தொடரும் இத்தாலியில் இதற்கான தரவு மிகத் தூய்மையாகக் கிடைக்கிறது. பார்மா பள்ளத்தாக்கின் பங்குப் பதிவேடுகளைக் கொண்டு மரபியல் ஆராய்ந்த கவாலி-ஸ்ஃபோர்ட்ஸாவும் அந்த வளத்தைத்தான் பயன்படுத்தினார். ஆனால் ஒரு பெயருக்கு ஒரு மூதாதை என்பது அச்சூத்திரத்தின் அடித்தளம். நேப்பிள்ஸில் ஓர் எஸ்போசித்தோ இன்னோர் எஸ்போசித்தோவை மணந்தால், சூத்திரம் அவர்களை உறவினராக எண்ணும். அவர்களோ பெரும்பாலும் அந்நியர்.

அன்னுன்சியாத்தாவின் சக்கரம் 1875இல் நிறுத்தப்பட்டது. சுவரில் அதன் திறப்பை இன்றும் காணலாம். பெயர் கடந்துசெல்லும் விதியே 2022இல் மாறியது. தந்தையின் பெயர் தானாகவே பிள்ளைக்குச் சேரும் முறை செல்லாது என்று இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒரே பெயர் போதும் என்று பெற்றோர் ஒத்துக்கொண்டாலன்றி, பிள்ளைக்கு இருவரின் குடும்பப் பெயரும் உரியது என்றது. இனி எஸ்போசித்தோ குடும்பத்துப் பெண்ணின் பிள்ளையும் எஸ்போசித்தோவாக இருக்கலாம். மகன்களை மட்டும் எண்ணிய கால்ட்டனின் கணக்கில் மகள்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.