பெருவிரைவு ரயிலில் ‘பெரு’ எதற்கு?

சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை மகன், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் காபி குடித்தபடி நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தான். “பெருவிரைவு ரயில் என்று போட்டிருக்கிறதே, கோலாலம்பூருக்கு எத்தனை மணி நேரத்தில் போகும்?” என்று கேட்டான். அன்று காலை தோ பாயோவிலிருந்து அவனை நான் அழைத்து வந்ததே அந்த ரயிலில்தான்.

குற்றம் அவனுடையதன்று, சொல்லினுடையது. சிங்கப்பூரின் இந்த நகர ரயிலுக்கு ஆங்கிலத்தில் எம்ஆர்டி, அதாவது ‘மாஸ் ரேப்பிட் டிரான்சிட்’ என்று பெயர். முதல் எழுத்துக்குரிய ‘மாஸ்’ இங்கே மக்கள் திரளைக் குறிக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்களை விரைந்து ஏற்றிச்செல்லும் போக்குவரத்து என்பதே பொருள். தமிழாக்கத்தில் மக்கள் இறங்கிவிட்டார்கள். ‘பெரு’ மட்டும் விரைவுக்கு அடைமொழியாக நிற்கிறது. பெருமழை, பெருவெள்ளம் என்று பழகிய காதுக்குப் பெருவிரைவு என்றால் கடும் வேகம்தான். பழைய தடங்களில் உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர்! கோலாலம்பூருக்கு என்று திட்டமிட்டுக் கைவிடப்பட்டது ‘அதிவேக ரயில்’. அது 300 கிலோமீட்டரைத் தாண்டும் வகை. இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்தால் எது வேகமானது என்று யாரால் சொல்ல முடியும்?

‘திரள்விரைவு ரயில்’ என்றிருந்தால் பொருள் தப்பியிருக்காது என்பது என் கட்சி. பேச்சில் எல்லாருக்கும் அது எம்ஆர்டிதான் என்பது வேறு கதை. சென்னையில் 1995இல் ஓடத் தொடங்கிய ரயிலுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். தூண்கள்மேல் போவதைப் பார்த்த மக்கள் ‘பறக்கும் ரயில்’ என்று சொல்லிவிட்டார்கள். அகராதி பார்த்து வைத்த பெயரன்று, அண்ணாந்து பார்த்து வைத்த பெயர்.

எம்ஆர்டியைச் ‘சுரங்க ரயில்’ என்பாரும் உண்டு. சுரங்கம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகார மதுரையிலேயே யானைக் கூட்டம் போய்வரும் ‘சுருங்கை வீதி’ இருக்கிறது. ஆனால் 1987 நவம்பர் 7 அன்று இங்கே திறந்த முதல் ஐந்து நிலையங்களில் பிரேடலும் தோ பாயோவும் மட்டுமே நிலத்தடியில் இருந்தன. இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான் மூன்றும் வெயிலில். முழுக்க நிலத்தடியில் ஓடும் வடகிழக்குத் தடம் 2003இல்தான் வந்தது. அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

எல்ஆர்டிக்கு, அதாவது ‘லைட் ரெயில் டிரான்சிட்’டுக்கு வழங்கும் ‘இலகு ரயில்’ இன்னும் வேடிக்கை. இலகு வடமொழி ‘லகு’விலிருந்து வந்தது, கனமின்மை, எளிமை என இரு பொருளும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இந்த ஆங்கிலப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மனத்தில் வைத்தது வண்டியின் எடையை அன்று, அது சுமக்கும் கூட்டத்தின் அளவை. ‘சிறுதிரள் ரயில்’ என்றால் கருத்துக்கு நெருங்கும், வாய்க்கு நெருங்காது. ஆகவே இலகுவே இருக்கட்டும்.

ரயில் என்ற பாதிக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் அது தண்டவாளம். தமிழில் வண்டிக்கே பெயராயிற்று. 1999இல் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலோ தண்டவாளத்தின்மேல் உருள்வதே இல்லை. ரப்பர் சக்கரங்கள் கான்கிரீட்டில் ஓடுகின்றன. நடுவே ஒரு தண்டு வழிகாட்டுகிறது. ஓட்டுநரும் கிடையாது. அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது, வீட்டுக்குள் யாரும் எட்டிப்பார்க்காதபடி சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிக்கொள்ளும். மறுநாள் அத்தை மகனை அதில் ஏற்றினேன். கண்ணாடி மங்கியதும் வண்டி பழுதாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.