கரகரன்னா ஸ்பீக்கர் கோன் போச்சுன்னு யாருங்க சொன்னது?

என்கிட்ட ரிப்பேருக்கு வந்ததுல இந்த வாரத்துல இது மூணாவது கேஸ். ஒருத்தர் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியிருக்கார், நல்ல செட்டு தான், மூணு பின் பிளக் வச்ச ஆக்டிவ் ஸ்பீக்கர், அதாவது உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. கம்ப்யூட்டர்ல மாட்டினதும் கொர்ர்ன்னு ஒரு சத்தம், மவுஸை நகத்தினா கூடவே கிர்க் கிர்க்னு இன்னொண்ணு. கோன், அதாவது ஸ்பீக்கர்ல முன்னாடி ஆடுற அந்தக் கூம்பு, கிழிஞ்சிருக்கும்னு அவரே முடிவு பண்ணி ரெண்டு பக்கமும் புது கோன் போட்டுட்டார். சத்தம் அப்படியே இருக்கு. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு கம்ப்யூட்டர் பவர் கார்டுல எர்த் பின்னை கட்டிங் பிளேயர் வச்சு வெட்டியிருக்கார், சத்தம் நின்னுடுச்சு! நாலு நாள் கழிச்சு ஆடியோ ஒயரை உருவிட்டு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு இழுக்குதுன்னு என்கிட்ட வந்து நிக்கறார், கையில ஸ்பீக்கரைத் தூக்கிக்கிட்டு. ஷாக் அடிக்கிறது கேபினெட்டு, கொண்டு வந்தது ஸ்பீக்கர்.

முதல்ல இந்த கோன் விஷயத்தைப் பேசி முடிச்சுடறேன், தினமும் தலையில அடிச்சுக்காத குறையா சொல்றது இது. கோனுக்குன்னு சொந்தமா சத்தம் கிடையாது. பின்னாடி ஆம்ப்ளிஃபயர் என்ன அனுப்புதோ அதுக்கு ஏத்த மாதிரி ஆடும், அவ்வளவு தான். பாட்டே ஓடலை, ஆனா கரகரன்னு வருதுன்னா கோன் மேல தப்பு இருக்கவே முடியாது, ஏதோ ஒண்ணு கரண்ட் அனுப்புது அது ஆடுது. கிழிஞ்ச கோனும் காயில் உரசுற கோனும் எப்படி இருக்கும்னா, பாட்டு ஓடும்போது மட்டும், அதுவும் பேஸ் வர்ற இடத்துல தான் படபடன்னு அடிக்கும், பாட்டை நிறுத்தினா கப்சிப். திரும்பவும் சொல்றேன், பாட்டை நிறுத்தினா நிக்கணும். நிக்கலைன்னா கோன் இல்லை. முகத்துல கரி இருக்குன்னு கண்ணாடியைத் துடைச்ச கதையா கோனை மாத்திட்டு வர்றாங்க, இதுல பாதி பேர் பழசைவிட மட்டமான கோனைப் போட்டுட்டு வர்றாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

சரி, வேற எங்க தேடறது? ஸ்பீக்கர்ல இருக்கிற வால்யூம் நாபைக் கையில பிடிங்க, பாட்டு வேண்டாம். வால்யூமை முழுசா குறைச்ச பிறகும் கொர்ர்னு ஒரே சீரா கேக்குதுன்னா கோளாறு நாபுக்கு அப்புறம், அதாவது பவர் சப்ளை பக்கம். முக்காவாசி கரண்ட்டைச் சீராக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் தான், பழசானா உள்ள காய்ஞ்சு போயிடும், சிலது தலை உப்பிக்கும், சிலது பாக்க நல்லா இருக்கிற மாதிரியே இருந்து ஏமாத்தும். வால்யூமை ஏத்தினா சத்தமும் ஏறுது, குறைச்சா போயிடுதுன்னா கோளாறு நாபுக்கு முன்னாடி, அதாவது ஒயர், பின், கம்ப்யூட்டர் பக்கம். நாபைத் திருப்பும்போது மட்டும் கரகரங்குதுன்னா நாபே தான், உள்ள அழுக்கு. இந்த ஒரு நிமிஷ வேலையைச் செஞ்சுட்டு வந்தா எனக்கு அரை மணி நேரம் மிச்சம்.

அப்புறம் ஆடியோ பின்னை கம்ப்யூட்டர்லேர்ந்து உருவி, சார்ஜர் போடாத ஒரு மொபைல்ல மாட்டிப் பாருங்க. சத்தம் போயிடுச்சா, ஸ்பீக்கர் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போங்க. உருவின பின்னைச் சும்மா தொங்க விட்டுட்டு, நுனியைத் தொட்டா பாம்பு மாதிரி சீறுதுன்னு பயந்துக்காதீங்க, தொட்டா சீறணும், அது உங்க உடம்பு பிடிக்கிற கரண்ட் சத்தம். கேபினெட் முன்னாடி இருக்கிற ஜாக்ல மாட்டியிருந்தா பின்னாடி பச்சை ஜாக்ல மாட்டுங்க, நிறைய கேஸ் அதோட முடிஞ்சுடும். உஷ்ஷ்னு மட்டும் கேக்குதுன்னா கம்ப்யூட்டர்ல வால்யூம் 20-ல இருக்கும், ஸ்பீக்கர்ல முழுசா இருக்கும். மாத்தி வைங்க, கம்ப்யூட்டர்ல 80, 90, ஸ்பீக்கர்ல தேவைக்கு.

செகண்ட் ஹேண்ட்ல மட்டும் வர்ற தொல்லை ஒண்ணு இருக்கு, அடாப்டர். ஒரிஜினல் அடாப்டர் தொலைஞ்சிருக்கும், விக்கிறவர் பின் சைஸ் பொருந்துதேன்னு ஏதோ ஒண்ணைச் சேத்துக் குடுத்துடுவார். பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல சிலதுக்கு அடாப்டர்லேர்ந்து வர வேண்டியதே ஏசி, டிசி இல்லை. ஸ்பீக்கர் பின்னாடி லேபிளைப் படிங்க, வோல்ட் பக்கத்துல அலை மாதிரி ஒரு குறி இருந்தா ஏசி, நேர் கோடும் அதுக்குக் கீழ புள்ளிக்கோடும் இருந்தா டிசி. டிசி வேண்டிய இடத்துல ஏசி குடுத்தா கெப்பாசிட்டர் வெடிக்கும், ஏசி வேண்டிய இடத்துல டிசி குடுத்தா சிலது பாடவே பாடாது, சிலது இழுத்து இழுத்துப் பாடும். டிசியிலயும் நடு பின் பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு படம் போட்டிருக்கும், அதையும் பாருங்க. வாங்கற இடத்துலயே பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்?

நாப் அழுக்குக்கு துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடிக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். அது எண்ணெய்ப் பசையை விட்டுட்டுப் போகும், அதுல இன்னும் தூசி ஒட்டும். காண்டாக்ட் கிளீனர்னு தனியா விக்குது. பிளக்கை உருவிட்டு ரெண்டு சொட்டு விட்டு, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு இருபது முப்பது தடவை திருப்புங்க, காய விட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. அடாப்டர் இல்லாம மெயின் கரண்ட் நேரா உள்ள வர்ற செட்டா இருந்தா மூடியைக் கழட்டவே கழட்டாதீங்க. சிலதுல ஆஃப் சுவிட்ச் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கும், ஆஃப் பண்ணாலும் உள்ள மெயின் கரண்ட் நிக்கும்.

இப்ப எர்த் பின். வெட்டினா சத்தம் நிக்குதே சார்ங்கறாங்க. நிக்கும்ங்க, நிக்காதுன்னு நான் சொல்லலையே. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு வேற சாக்கெட்லேர்ந்து ஒரு எர்த், நடுவுல ஆடியோ ஒயர், இப்படி சுத்தி ஒரு வளையம் ஆகிடுச்சு, ஒரு பக்கம் வெட்டினா வளையம் உடையும். ஆனா அந்த கேபினெட் பாடியில கசியற கரண்ட் போறதுக்கு இருந்த சரியான வழியையும் சேத்து வெட்டிட்டீங்க, ஆடியோ ஒயரையும் உருவினா வேற வழியே இல்லை. அதான் சுரீர். நாளைக்கு உள்ள ஒரு லைன் ஒயர் பாடியைத் தொட்டா எர்த் வழியா ஓடி பிரேக்கர் விழணும், எர்த் இல்லேன்னா தொட்ட ஆள் தான் விழணும். குழந்தைங்க இருக்கிற வீடா இருக்கும், தயவு செஞ்சு இதை மட்டும் செய்யாதீங்க, ஸ்பீக்கர் பக்கமும் சரி, கம்ப்யூட்டர் பக்கமும் சரி.

அவருக்கு நான் செஞ்சது பெரிய வித்தை இல்லை. புது பவர் கார்டு போடச் சொன்னேன், கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்தச் சொன்னேன், முக்காவாசி சத்தம் அதுலயே போயிடுச்சு. மிச்சத்துக்கு ஆடியோ ஒயர் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு அந்த எர்த் வளையத்தை உடைக்கிற ஒரு சின்ன டப்பா, உள்ள குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு இருக்கும். கழட்டின பழைய கோன் ரெண்டையும் பையில கொண்டு வந்திருந்தார், மீட்டர் வச்சுப் பாத்தேன். 4 ஓம் கோன், ரெண்டும் மூணரை பக்கம் காட்டுச்சு, அது சரியான அளவு தான், கையால அமுக்கினா உரசலும் இல்லை. அதையே திரும்ப மாட்டிக் குடுத்தேன்.