"எங்கேயோ விழுந்திருக்கும் டாக்டர்"

இந்த மாதத்தில் இது ஐந்தாவது. பத்து மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறது, படி ஏறச் சொன்னால் உட்கார்ந்துகொள்கிறது. "எங்கேயோ விழுந்திருக்கும் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். சற்று நேரத்தில் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார்: எட்டு வயது மகன். அவன்தான் குட்டியைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறானாம். பையன் மேசை விளிம்பைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

எக்ஸ்ரே எடுத்தேன். விழுந்ததற்கான தடயம் எதுவுமில்லை. இடுப்பு மூட்டின் கிண்ணங்கள் இரண்டும் ஆழமில்லாமல் தட்டையாக விரிந்திருந்தன. பரம்பரையாக வரும் வளர்ச்சிக் கோளாறு. நாங்கள் ஹிப் டிஸ்பிளேசியா என்போம். அப்போதும் அவர் விடவில்லை. "அடிபட்டதால்தானே அப்படி ஆயிற்று?"

என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தை இந்தக் கேள்வி கேட்கிற எல்லோரிடமும் காட்டுகிறேன். அது நாயின் எலும்பு அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள்ளேயே இருக்கும் ராஞ்சோ லா பிரேயா என்ற புதைபடிவக் களத்தில் கிடைத்த, பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன வாள்பல் பூனையின் இடுப்பெலும்பு. பெயர் ஸ்மைலோடன் ஃபடாலிஸ். (வாள்பல் புலி என்று எழுதாதீர்கள், புலிக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. அந்த இடத்தைத் தார்க்குழி என்பார்கள், ஆனால் அங்கே இருப்பது தார் அல்ல, நிலத்திலிருந்து தானாக ஊறும் நிலக்கீல்.) அந்த நிலக்கீலில் சிக்கிய இரையைத் தின்ன வந்து தாமும் சிக்கிக்கொண்டவை ஏராளம். இந்த இனத்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட பூனைகளின் எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

நான் சொல்லும் இடுப்பெலும்பு கோணலாக, முடிச்சு முடிச்சாக, பார்க்கவே வலிக்கும்படி இருக்கும். பல பத்தாண்டுகளாக அதற்கு எழுதிவைத்திருந்த காரணம் என்ன தெரியுமா? அடிபட்டது, பிறகு சீழ் பிடித்தது. அதே வசனம்! 2021-இல் அதையும் அதனோடு சேர்ந்த வலது தொடை எலும்பையும் சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வுக் குழுவில் மனிதர்களுக்கு எலும்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவரும் இருந்தார். வந்த முடிவு ஹிப் டிஸ்பிளேசியா. என் மேசைமேல் படுத்திருந்த குட்டிக்கு இருக்கும் அதே நோய்.

இதை எத்தனை முறை சொன்னாலும் சலிக்காமல் மறுக்கிறார்கள் என்பதால் இன்னொரு முறை சொல்கிறேன். குயவர் ஆழமாக வனைந்த சட்டி கீழே விழுந்தால் என்ன கிடைக்கும்? உடைந்த சட்டி. சில்லுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சட்டியாக இருந்தது தெரியும். தாம்பாளம் கிடைக்காது. குட்டிப் பருவத்தில் தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் சரியாக உட்கார்ந்திருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். அந்தப் பூனைக்கு உட்காரவில்லை. கிண்ணம் ஆழமாகவில்லை, எலும்புத் தலையும் சப்பையாகிவிட்டது. வளர்ந்து முடித்த பிறகு பட்ட அடியால் அப்படி ஒரு வடிவம் வராது.

அடியே படாது என்று நான் சொல்லவில்லை. 2017-இல் லா பிரேயாவின் 35,000-க்கும் அதிகமான எலும்புகளை எண்ணிப் பார்த்த ஆய்வில், வாள்பல் பூனையின் எலும்புகளில் 4.3 விழுக்காட்டிலும், அங்கேயே கிடைத்த, அதுவும் அழிந்துபோன டயர் ஓநாயின் (dire wolf) எலும்புகளில் 2.8 விழுக்காட்டிலும் காயத் தடங்கள் இருந்தன. ஆனால் அவை ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கவில்லை. பூனைக்கு அடிமுதுகிலும் தோளிலும் அதிகம். பெரிய இரையை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து மல்லுக்கு நின்றதன் விலை அது. துரத்திப் பிடிக்கும் ஓநாய்க்குக் கழுத்திலும் கால்களிலும் அதிகம். அடிக்கும் ஒரு முகவரி உண்டு. நொண்டுகிற பிராணியின் இடுப்பில் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏற்றக்கூடாது.

"காட்டில் இருப்பதற்கு இதெல்லாம் வருமா? பாக்கெட் தீனியால் வருவது" என்பவர்களுக்கு ஒரே வரி: 2023-இல் ஒரு கால்நடை எலும்பு மருத்துவர் (எங்கள் ஆள்!) தலைமையில் பார்த்தபோது, இந்தப் பூனைகளின் தொடை எலும்புகளில் சுமார் 6 விழுக்காட்டில், முழங்கால் மூட்டுப் பரப்பில் சிறு பள்ளங்கள் தெரிந்தன. வேகமாக வளரும் பெரிய இன நாய்க்குட்டிகளின் மூட்டில் நாங்கள் பார்க்கிற பள்ளங்களைப் போன்றவை.

பையன் அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ அது எப்படிச் சாப்பிட்டது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வாழ்நாள் முழுக்க நொண்டியிருக்க வேண்டிய பூனை, முழு வளர்ச்சி அடையும்வரை உயிரோடு இருந்திருக்கிறது. கூட்டமாக வாழ்ந்ததால் மற்றவை கொன்ற இரையில் அதற்கும் பங்கு கிடைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தனித்து வாழும் பூனைகளும் காயத்தோடு நாள் கடத்துமே என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் பிடிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் நாய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை. தட்டில் சோறு வந்துவிடுகிறது. பிரச்சினையே அங்குதான். குண்டாக்காதீர்கள். லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். குறைவாகத் தின்றவற்றின் மூட்டுகள் நன்றாக இருந்தன, அவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தன.

பெரிய இனக் குட்டிக்கு கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். எலும்பு பலப்படாது, கெடும். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒரு சாக்கையாவது விரியுங்கள். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கையில் எடுக்கவே வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும். எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கட்டுவதற்கு அங்கே எதுவும் உடையவில்லை. குட்டி வாங்கப் போகிறவர்கள், தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். விற்பவர் முறைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முயல் தாவல் தெரிந்த வாரமே கொண்டுவாருங்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

அந்த ஷெப்பர்ட் ஆறு வாரம் கழித்து மறுபடி வருகிறது. கயிற்றைப் பையன் கையில் கொடுத்து அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.