சைலன்சர், சப்ரஸர், ஒலிதணிப்பான்: மானுக்கு என்ன கேக்குது?

பைக்ல புகை போற குழாய்க்கும் சைலன்சர்னுதான் சொல்றோம், துப்பாக்கி முனையில திருகி மாட்டுற குழாய்க்கும் அதே பேர்தான். ரெண்டும் தூரத்து சொந்தமெல்லாம் இல்ல, நெருங்குன சொந்தமே. அமெரிக்காவுல ஹிராம் பெர்சி மேக்சிம்னு ஒருத்தர் (மெஷின் கன் கண்டுபிடிச்ச மேக்சிமோட மகன்) 1909ல துப்பாக்கி சைலன்சருக்கு பேடன்ட் வாங்குனார், வண்டி இன்ஜின் சத்தத்தைக் குறைக்கவும் அதே ஐடியாவதான் வச்சு வேலை செஞ்சார். சூடான வாயுவை ஒரேடியா வெளிய விடாம உள்ள இருக்குற தடுப்புத் தட்டுகள்ல முட்டி முட்டி விரிய விட்டு, ஆற விட்டு, மெதுவா அனுப்புறது, அவ்வளவுதான் விஷயம். துப்பாக்கியில மாட்டுறதை இங்கிலீஷ்ல சப்ரஸர்னும் சொல்வாங்க. தமிழ்ல இதை ஒலியடக்கின்னு சொல்றதா, ஒலிநீக்கின்னு சொல்றதா, ஒலிதணிப்பான்னு சொல்றதாங்கறதுதான் கேள்வி.

சைலன்ஸ்ங்கறது லத்தீன்ல "சும்மா இரு, பேசாத"ங்கற அர்த்தமுள்ள வினையில இருந்து வருது. சப்ரஸ்ங்கறதும் லத்தீன்தான், "கீழ அமுக்கு"ன்னு அர்த்தம். பேர் வச்சவர் வியாபாரி, "மேக்சிம் சைலன்சர்"னு வித்தார், அதனால கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிருப்பார். உண்மையில ஒரு சாதாரண வேட்டை ரைபிள் சத்தம் 160 டெசிபலுக்கு மேல போகும், இதை மாட்டினா ஏறக்குறைய 20ல இருந்து 35 டெசிபல் குறையும். அப்பவும் 130, 140 பக்கம் நிக்கும். இதுக்குப் பேர் மௌனமா?

இப்ப மானுக்கு வருவோம், ஏன்னா எந்த தமிழ்ச்சொல் சரின்னு மானோட காதுதான் சொல்லும்.

ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், ரைபிள் குண்டு 800 மீட்டர் போகும். 200 மீட்டர் தள்ளி மேயுற மான் கூட்டத்துக்கு குண்டு கால் நொடியில போய்ச் சேந்துடும், துப்பாக்கி வெடிச்ச சத்தம் அரை நொடிக்கு மேல ஆகும். குண்டு ஒலியை முந்திப் போறதால அதுவே போற வழியெல்லாம் சாட்டை சொடுக்குன மாதிரி "டப்"புனு ஒரு அதிர்வலையை விட்டுட்டுப் போகுது, முனையில எதை மாட்டினாலும் இது குறையாது. சப்ரஸர் இல்லாட்டி முதல்ல சொடுக்கு, அப்புறம் "டம்"முனு வெடி, அந்த வெடிதான் ஆள் எந்தப் பக்கம் இருக்கான்னு காட்டிக் கொடுக்கும். சப்ரஸர் போட்டா அந்த ரெண்டாவது சத்தம் அமுங்கிடும், சொடுக்கு மட்டும் மிஞ்சும், அதுவும் சுட்டவன் பக்கமிருந்து வராம குண்டு போன பாதையில எங்கயோ பக்கவாட்டுல இருந்து வர்ற மாதிரி கேக்கும்.

அதான் மான் தலையைத் தூக்கும், ஒரு காதை இந்தப் பக்கமும் இன்னொன்ன அந்தப் பக்கமுமா தனித்தனியா திருப்பும், ரெண்டு அடி நகரும், நிக்கும். ஓடணும்னு தெரியுது, எங்கேன்னு தெரியல. பின்னாடி பாறையோ அடர்ந்த மரமோ இருந்தா எதிரொலி அங்கிருந்து வரும், அதுக்குப் பயந்து சுட்டவனைப் பாத்தே ஓடி வர்றதும் உண்டு. ஆனா இதை வச்சு "சப்ரஸர் போட்டா கூட்டம் அசையாது"ன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. 50 மீட்டர்ல சுட்டா ஓடத்தான் செய்யும், அடிபட்டது துள்ளி விழுந்தா பக்கத்துல நிக்கிறதுக்கு சத்தமே தேவையில்ல, காட்டுப்பன்னியில ஒன்னு கெளம்புனா மொத்தமும் கெளம்பிடும், காத்து மாறி மனுச வாடை போயிட்டா அதோட கதை முடிஞ்சுது.

ஒலியை விட மெதுவா போற குண்டு போட்டா சொடுக்கும் இருக்காது, நிஜம். ஆனா வேகம் போனா வலுவும் போச்சு: .308ங்கற வேட்டைத் தோட்டாவோட குண்டுக்கு சுமார் 3500 ஜூல் ஆற்றல்னா, .300 பிளாக்அவுட்ங்கற இன்னொரு தோட்டாவுல மெதுவா போற கனமான குண்டுக்கு 700 ஜூல் பக்கம்தான். தூரத்துல சுட்டா மிருகம் சாகாம காயத்தோட ஓடும், அது பாவம். அப்பவும் குண்டு உடம்புல பட்ற "தப்" சத்தமும் அடுத்த தோட்டாவை ஏத்த துப்பாக்கியோட போல்ட்டை இழுக்குற சத்தமும் கேக்கத்தான் செய்யும்.

அதனால "ஒலியடக்கி" எனக்கு ஒத்து வரல, அடக்கிட்டான்னா முழுசா அடங்கணும். "ஒலிநீக்கி" இன்னும் மோசம், சுத்தப் பொய். ஜுரம் தணிஞ்சுது, கோபம் தணிஞ்சுதுன்னு சொல்றோம்ல, இருந்தது குறைஞ்சுது, ஒரேடியா போயிடல, அந்தத் "தணி"யை எடுத்து ஒலிதணிப்பான்னு சொன்னா கச்சிதமா இருக்கு. பிரிட்டன்ல "சவுண்ட் மாடரேட்டர்"னு சொல்றதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

சட்டம் மொழிபெயர்க்கிறவங்க மட்டும் சைலன்சரை விட்டுட முடியாது, அமெரிக்காவோட 1934 துப்பாக்கிச் சட்டத்துல "மஃப்ளர் அல்லது சைலன்சர்"னுதான் எழுதிருக்கு. அங்க சைலன்சர்னே போட்டுட்டு பக்கத்துல ஒலிதணிப்பான்னு சேத்துக்கலாம். சுடுறவங்க பேச்சுல இது எதுவுமே கிடையாது, "கேன்"னு (டப்பான்னு அர்த்தம்) ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.