மஞ்சள் பீட்ரூட்டில் வேலை செய்யாத நொதி

தங்க நிற பீட்ரூட்டை வீட்டில் கோல்டு பிரஸ் ஜூஸரில் பிழியும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். சிவப்பில் உள்ள சத்து இதிலும் இருக்குமா? சாறு ஏன் சீக்கிரமே பழுப்பாகிறது?

சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதற்குக் காரணம் அதிலுள்ள நைட்ரேட். நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நைட்ரேட்டுக்கு நிறமே கிடையாது. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பதெல்லாம் நிறத்தைப் பார்த்து வைத்தியம் சொல்லும் மூடநம்பிக்கை. படித்தவர்களும் அதைச் சொல்லும்போது எரிச்சலாக வருகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். செடி டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபா என்ற பொருளைச் செய்கிறது (பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே லெவோடோபாதான்). ஒரு நொதி டோபாவை வெட்டிப் பீட்டாலமிக் அமிலமாக்கும். சிவப்பு ரகத்தில் இன்னொரு நொதி, மீதமுள்ள டோபாவை வளைத்து சைக்ளோடோபாவாக்கும். இவை இரண்டும் கூடி, சர்க்கரையும் சேர்ந்தால் சிவப்பு நிறமியான பீட்டானின் தயார். தங்க ரகத்தில் அந்த இன்னொரு நொதி வேலை செய்வதில்லை. பீட்டாலமிக் அமிலத்துக்கு ஜோடி வரவில்லை.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பீட்டாலமிக் அமிலத்தின் நுனியில் ஓர் ஆல்டிஹைடு (எளிதில் வினைபுரியும் ஓர் அணுத்தொகுதி) இருக்கிறது. பக்கத்தில் மிதக்கும் அமினோ அமிலம் எதுவானாலும் அது தானாகவே பற்றிக்கொள்ளும், ஒரு நீர் மூலக்கூற்றை உதறிவிட்டு. நொதியே தேவையில்லை! குளுட்டமினைப் பிடித்தால் வல்காசாந்தின். தங்க பீட்ரூட்டின் நிறம் பெரும்பாலும் இதுதான். புரோலினைப் பிடித்தால் இண்டிகாசாந்தின். சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் மஞ்சள் அது. இந்த நிறமிகள் நீல ஒளியை விழுங்குவதால் நமக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. இருட்டில் நீல ஒளியைப் பாய்ச்சினாலோ, பச்சையாக ஒளிரும். சிவப்பு பீட்ரூட்டிலும் வல்காசாந்தின் உண்டு, அடர்நிறம் அதை மறைத்துவிடுகிறது.

பழுப்பும் அப்படித்தான். செல்கள் உடைந்ததும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் காற்றும் சேர்ந்து பழுப்புப் பொருள்களை உண்டாக்கும். சிவப்பில் கண்ணுக்குப் படாது, மஞ்சளில் அப்பட்டமாகத் தெரியும். கோல்டு பிரஸ் என்றாலே 'சூடு இல்லை' என்றுதான் பெருமை பேசுகிறார்கள். சாற்றில் காற்று அதிகம் கலக்காமல் மெதுவாகப் பிழிவதுதான் இங்கே பெரிய லாபம் என்பேன். ஆனால் சூடுபடுத்தாததால் அந்த நொதி சாற்றில் உயிரோடுதான் இருக்கும். பிழியும்போதே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால், அமிலம் அதை மந்தப்படுத்தும், வைட்டமின் சி பழுப்பைத் தள்ளிப்போடும். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதையும். அதற்காக அள்ளி ஊற்ற வேண்டாம். கடும் புளிப்பு வல்காசாந்தினுக்கே ஆகாது. பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் பீட்ரூட்டில் அதிகம், தங்க நிறத்திலும்.